கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஒரே சம்பளம்

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு இரண்டு பெயர்கள். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் கறார் அக்கா. இரண்டாவது பெயர் அவள் காதுக்கு எட்டவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. வைத்தவன் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான் என்று மனசுக்குள் அவனுக்கு ஒரு சபாஷும் போட்டிருந்தாள்.

சோப்புத் தூள், உரம், மாவு என்று எந்தப் பொடியாக இருந்தாலும் எடை போட்டு, பையில் நிரப்பி, வாயை ஒட்டி அனுப்பும் இயந்திரங்களைச் செய்கிற சின்ன நிறுவனம் அது. கீழே பட்டறை, மேலே அலுவலகம். இரும்புப் படிக்கட்டு முடிகிற இடத்தில் கண்ணாடி அடைத்த அறை அவளுடையது. அங்கே உட்கார்ந்தால் கீழே யார் வெல்டிங் செய்கிறார்கள், யார் வெல்டிங் செய்கிற மாதிரி நிற்கிறார்கள் என்பது வரை தெரியும். இருபத்திரண்டு வயதில் தொலைபேசி எடுக்க வந்தவள். சாயங்கால வகுப்பில் கணக்குப் படித்தாள். யாரும் எடுத்துச் செய்யாத வேலைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். இப்போது சம்பளம், விடுப்பு, காப்பீடு தொடங்கி ஒழுகுகிற குழாய் வரைக்கும் நிர்வாகம் முழுவதும் அவள் தலையில்தான். அந்தத் தலையும் எளிதில் கனக்கிற தலை இல்லை.

முதலாளி நல்ல மனுஷர். இயந்திரம் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். விற்பனையை அவர் மனைவியின் தம்பி பார்த்துக்கொண்டார். முதலாளி அவரை "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் வாசல் காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவர் மச்சான் ஆகிவிட்டார். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

வருஷா வருஷம் புதிதாகப் பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் மூன்று நான்கு பேரை எடுப்பார்கள். நேர்முகத்தில் முதலாளி ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், ஓரத்தில் அவள். படிப்பு, மின்சுற்று, மோட்டார் எல்லாம் கேட்டு முடித்த பிறகு முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்பார். வந்தவர் ஒரு தொகை சொல்வார். முதலாளி அதில் கொஞ்சம் கிள்ளிவிட்டு மீதியைக் கொடுப்பார். நிறையக் கேட்டவருக்கு நிறையிலிருந்து கிள்ளல். குறைவாகக் கேட்டவருக்குக் குறைவிலிருந்து கிள்ளல். "நீங்களே பார்த்துக் குடுங்க சார்" என்பவர்களுக்கு அவரே பார்த்துக் கொடுத்தார். இருப்பதிலேயே அதுதான் அடிமட்டம். இதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பழைய கடைசல் இயந்திரத்தைப் பேரம் பேசி வாங்குவது போலத்தான் இதுவும் என்று நினைத்திருந்தார்.

இது இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். சென்சார் பெண் வேலையை விட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

சென்சார் என்பது பட்டறை வைத்த பட்டப்பெயர். பையில் எவ்வளவு பொடி விழுந்திருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் கருவிகள் முழுவதும் அந்தப் பெண்ணின் பொறுப்பு. வேலைக்கு வந்து இரண்டு வருஷம். அவளோடு அதே நாளில் சேர்ந்த ஒரு பையன் உண்டு. இருவருக்கும் ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே மதிப்பெண், பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருநாள் டீ குடிக்கும்போது பையன் தன் வருமான வரியைப் பற்றிப் புலம்பினான். "உனக்கு வரி வருதா? எனக்கு ஏன் வரல?" என்று சென்சார் கேட்டாள். அவ்வளவுதான். விஷயம் வெளியே வந்துவிட்டது.

தொகையை அப்படியே சொன்னால் ஒரு ஊருக்கு அது மலையாகவும் இன்னொரு ஊருக்குக் கடுகாகவும் தெரியும். அதனால் அந்தப் பையன் சேர்ந்தபோது வாங்கியதை நூறு என்று வைத்துக்கொள்வோம். சென்சாருக்குக் கிடைத்தது எழுபத்தெட்டு. அதன்பிறகு உயர்வுகளைச் சதவீதத்தில் போட்டதால் இடைவெளி குறையாமல் கொழுத்துக்கொண்டே போயிருந்தது.

ராஜினாமாவோடு கண்ணாடி அறைக்கு வந்த பெண்ணின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அக்காவுக்கு உறுத்தியது.

"உக்காரும்மா. பேசிச் சரிபண்ணலாம். நான் சார்கிட்ட சொல்றேன்."

"வேண்டாங்க்கா. இப்ப ஏத்திக் குடுத்தாலும், நான் சண்டை போட்டதாலதான் குடுத்தாங்கன்னு இருக்கும். அவன் கேட்டான், நான் கேக்கல. வேலையில அவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. கேக்கத் தெரியாததுக்கு ரெண்டு வருஷமா தண்டம் கட்டியிருக்கேன். போதும்."

அவள் போன மறு மாதமே சோப்புத் தூள் ஆலையில் புது இயந்திரம் மக்கர் செய்தது. ஒரு பையில் தூள் வழிந்தது, அடுத்த பையில் பாதிதான் விழுந்தது. அந்தக் கருவிகளின் நெளிவு சுளிவு தெரிந்தவர் நிறுவனத்தில் யாரும் இல்லை. பையன் ராப்பகலாக முயன்று பார்த்தான். அவனுடைய துறை மோட்டார். கடைசியில் வெளியிலிருந்து ஆளைக் கூட்டிவந்து சரிசெய்வதற்குள் நான்கு நாள் ஆலை நின்றது. ஒப்பந்தப்படி அபராதம் கட்டினார்கள். நிறுவனத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அந்த ஆலைக்காரர். அவர் தொலைபேசியில் கத்திய கத்தல் முதலாளியின் அறைக்கு வெளியே வரை கேட்டது.

அதே நாட்களில் அக்காவின் வீட்டிலும் ஒரு இன்ஜினியர் தயாராகியிருந்தாள். அவளுடைய மகள். பட்டம் வாங்கிய சூட்டோடு ஒரு குளிர்பதனக் கருவி நிறுவனத்தில் முதல் நேர்முகம் போய்விட்டு, சாயங்காலம் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"நல்லா பண்ணினேம்மா! எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்."

"சம்பளம் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நீங்க என்ன குடுக்கறீங்களோ குடுங்க சார்னு சொல்லிட்டேன்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பேரம் என்றால் அவருக்கு வெல்லக்கட்டி. கண்ணாடி ஃபிரேமின் விலையை ஏற்றி எழுதி ஒட்டிவிட்டு, வருகிறவரோடு அரை மணி நேரம் வாதாடி, இறக்கிக் கொடுத்து, அவர் ஜெயித்த சந்தோஷத்தோடு போவதைப் பார்ப்பதில் அவருக்கு அலாதி சுகம். அப்படிப்பட்டவரே மகள் சொன்னதைக் கேட்டு முகம் மலர்ந்து, "பணிவா பேசியிருக்கா பாரு. நல்ல பேரு வாங்கிருப்பா" என்றார்.

"நல்ல பேரு வரும். சம்பளம் வராது" என்றாள் அக்கா.

"ஏன் இப்படிச் சொல்ற?"

"அந்த வார்த்தையைச் சொல்றப்ப மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க மூஞ்சி எப்படி மலரும்னு எனக்குத் தெரியும். இருபது வருஷமா அந்தப் பக்கம்தானே உக்காந்திருக்கேன்?"

மகளின் முகம் வாடிவிட்டது. "பின்ன என்னம்மா சொல்றது? நிறையக் கேட்டா திமிரு பிடிச்சவன்னு நினைப்பாங்க. கம்மியா கேட்டா ஏமாளி. எவ்வளவு கேக்கணும்னு காலேஜ்ல யாரும் சொல்லித் தரலையே."

அக்கா மறுபடி கத்தியை எடுத்தாள். அவள் தொழிலே சம்பளக் கணக்கு. ஆனாலும் தன் சொந்த மகள் எவ்வளவு கேட்க வேண்டும் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த நிறுவனம் மனசுக்குள் என்ன வைத்திருக்கிறது என்பது அந்த நிறுவனத்துக்குத்தான் தெரியும். தெரிந்தவர்கள் வாயைத் திறக்காமல், தெரியாத இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து எவ்வளவு என்று கேட்கிறார்கள். இதைவிட வேடிக்கை வேறு உண்டா?

மறுநாள் காலை முதலாளி வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவள் அவர் அறைக்குள் போனாள். மச்சானும் அங்கே இருந்தார்.

"சார், இந்த வருஷம் புதுசா எடுக்கறவங்ககிட்ட எவ்வளவு வேணும்னு கேக்காதீங்க."

"கேக்காம? அவங்க மனசுல இருக்கறது எப்படித் தெரியும்?"

"அவங்க மனசுல ஒண்ணும் இல்ல சார். பயம்தான் இருக்கு. நாமளே ஒரு தொகை வைப்போம். எல்லாருக்கும் அதே. விளம்பரத்திலேயே போட்டுடுவோம்."

மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்தார். "என்னக்கா நீங்க! கம்மியா கேக்கறவனுக்கும் தூக்கிக் குடுக்கணுமா? விலையை முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் வியாபாரம் எதுக்கு?"

"நீங்க கம்மி விலைக்கு வாங்கின சென்சாரால எவ்வளவு அபராதம் கட்டினோம் மச்சான்?"

மச்சான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பினார். அபராதக் காயம் இன்னும் ஆறவில்லை. "சரி, நீயே ஒரு தொகை சொல்லு" என்றார். "ஆனா ஏன் அந்தத் தொகைன்னு எனக்கு விளங்கற மாதிரி சொல்லணும். குத்துமதிப்பா வந்து நின்னா நான் பழையபடியே கேக்க ஆரம்பிச்சுடுவேன்."

"ஒரு வாரம் குடுங்க" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுவதும் மதிய இடைவேளையில் அவள் இருக்கையில் இல்லை. முதலில் தன்னைப் போலவே மற்ற சின்ன நிறுவனங்களில் நிர்வாகம் பார்க்கிற பழைய தோழிகளோடு பேசினாள். சிலர் பிடி கொடுக்காமல் மழுப்பினார்கள். சிலர் மனம் விட்டுச் சொன்னார்கள். பெரிய நிறுவனங்கள் கொடுப்பதையும் விசாரித்துக்கொண்டாள். அது எட்டாத உயரம். அதற்காக அவள் சோர்ந்துவிடவில்லை. கடலில் விடுகிற கப்பலோடு நம்முடைய பரிசல் ஏன் போட்டி போட வேண்டும்?

பிறகு ஒருநாள் தொழிற்சாலைக்குப் பின்புறத் தெருவில் வாடகை அறைகள் பார்க்கப் போனாள். வீடு மாற்றுகிறவளைப் போல ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் மேல்மாடி அறையைத் திறந்து காட்டினார் வீட்டுக்கார அம்மா. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பது தெரிந்தது.

"யாருக்கு ரூம்?"

"எங்க கம்பெனிக்குப் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு. முன்புறம் பொடி மிஷின் கம்பெனி."

"அடடே, அங்கயா? உங்க ஆளு ஒருத்தர் கீழ் ரூம்ல இருக்காரே. தங்கமான பிள்ளை. என்ன, வாடகையை மட்டும் ரெண்டு தவணையாத்தான் குடுப்பாரு. மாசக் கடைசியில பாதி, சம்பளம் வந்ததும் மீதி. பாவம், வீட்டுக்கு வேற அனுப்பறாராம்."

யாரென்று விசாரித்தபோது அக்கா திகைத்துவிட்டாள். அது சென்சாரோடு சேர்ந்த அந்தப் பையன். நூறில் சேர்ந்து, உயர்வு எல்லாம் சேர்த்து இப்போது நூற்று நாலு வாங்குகிறவன். கேட்டு வாங்கத் தெரிந்த கெட்டிக்காரன் என்று இத்தனை நாள் எல்லாரும் நினைத்திருந்தார்களே, அந்த ஆள். அப்படியானால் அவன் கேட்டதே போதவில்லை. எவ்வளவு தேவைப்படும் என்று அவனுக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை.

படியிறங்கி வரும்போது அவள் மனசில் தொகை முடிவாகிவிட்டது. நூற்றுப் பத்து.

ஆனால் நூற்றுப் பத்து என்று எழுதியதும் இன்னொரு பூதம் கிளம்பியது. போன வருஷம் வந்தவர்கள், அதற்கு முந்திய வருஷம் வந்தவர்கள், எழுபதுக்கும் எண்பதுக்கும் சேர்ந்தவர்கள் எல்லாம் உள்ளே இருக்கிறார்களே! நேற்று வந்தவன் நூற்றுப் பத்து வாங்க, அவனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவன் தொண்ணூறு வாங்கினால் எப்படி இருக்கும்? ஒரு ஓட்டையை அடைக்கப் போய்க் கூரையையே பிரித்த கதையாகிவிடும். முதலில் பழைய ஆட்களை ஏற்ற வேண்டும். அப்புறம்தான் புது ஆட்கள். அதற்குப் பணம்? அவள் இரண்டு நாள் கூட்டிக் கழித்தாள். எப்படிப் போட்டாலும் நான்கு பேரை எடுக்க முடியவில்லை. மூன்று பேர் என்றால் சரியாக இருந்தது.

ஒரு வாரம் முடிந்ததும் முதலாளியின் முன் உட்கார்ந்து சொன்னாள்.

"பின்னாடி தெருவுல ஒரு தனி ரூம் எடுத்து, வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பிட்டு, மாசக் கடைசியில யார்கிட்டயும் கை நீட்டாம இருக்கணும் சார். அதுக்கு இவ்வளவு ஆகுது. நம்ம அளவு கம்பெனி எதுவும் இதைவிட அதிகம் குடுக்கல, அதனால அங்கிருந்து யாரும் இழுக்க முடியாது. உள்ள இருக்கறவங்களை முதல்ல இதுக்கு மேல ஏத்திடணும். நாலு பேருக்குப் பதிலா மூணு பேர் எடுத்தா கணக்கு இடிக்காது."

"நாலாவது ஆள் என்னோட விற்பனைக்கு வர்ற இன்ஜினியர்!" என்று மச்சான் எழுந்து நின்றுவிட்டார். "நான் ஆறு மாசமா கேட்டுட்டிருக்கேன்!"

"தெரியும் மச்சான். அதுதான் இதுக்கு நாம குடுக்கற விலை. வலிக்காம பண்ண வழி இருந்தா நானே பண்ணியிருப்பேன்."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

முதலாளி அவள் கொண்டுவந்த கணக்கை இரண்டு தடவை பார்த்தார். அவருக்கு இயந்திரம் போல எல்லாம் பொருந்தி ஓட வேண்டும். ஓடுகிற கணக்கு என்றால் அவருக்குத் தெரியும். "சரிம்மா, போடு விளம்பரம்" என்றார். மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் அக்காவின் அறைப் பக்கமே வரவில்லை. வந்தபோது மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். அதிக நாள் கோபமாக இருக்க அவருக்கு வராது.

விளம்பரம் வந்த அன்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஒரு பெண் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கி, "மேடம், உங்க விளம்பரத்துல சம்பளம் தப்பா அச்சாயிடுச்சு போல இருக்கு" என்றாள்.

"கம்மியா இருக்கா?"

"இல்ல மேடம்… கூட இருக்கு."

"தப்பு இல்லம்மா. அதேதான். கிளம்பி வாங்க."

வந்தவர்களில் முதலிடம் ஒரு பையனுக்கு. பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவன். எந்தக் கேள்வியைப் போட்டாலும் பந்தைப் பிடிப்பது போலப் பிடித்தான். முதலாளிக்குக் கண்கள் மின்னின. எல்லாம் முடிந்ததும் தங்கப் பதக்கம் மரியாதையாகவே சொன்னான்: "விளம்பரத்துல போட்டிருக்கற சம்பளம் மத்தவங்களுக்குச் சரி சார். எனக்கு இன்னும் கூட வேணும். வேற இடத்துல தர்றதா சொல்றாங்க."

அவன் கேட்டது நம் கணக்கில் நூற்று நாற்பது. முதலாளி அக்காவைப் பார்த்தார். குடுத்துடலாமே என்ற கெஞ்சல் அந்தப் பார்வையில் இருந்தது.

"உங்களுக்கு அது கிடைக்க வேண்டியதுதான் தம்பி" என்றாள் அக்கா. "ஆனா எங்ககிட்ட முதல் வருஷத்துக்கு ஒரே தொகைதான். ஒரு வருஷம் கழிச்சு உங்க வேலையைப் பார்த்து ஏத்துவோம், அப்ப வித்தியாசம் வரும். இன்னிக்கே குடுத்தா உங்க பக்கத்து நாற்காலிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று அவன் எழுந்தான்.

அவன் போன பிறகுதான் மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "அவன் யாருன்னு தெரியுமாக்கா? சோப்புத் தூள் ஆலைக்காரரோட அக்கா பையன். நேத்துத்தான் அவர் போன் பண்ணி, நம்ம பையன் வர்றான், கவனிச்சுக்கங்கன்னு சொன்னாரு. முன்னாடியே சொன்னா நீங்க பையனைச் சரியா பார்க்க மாட்டீங்கன்னு சொல்லல."

ஆலைக்காரர் ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பவர். அவர் வாங்குவதை நிறுத்தினால் புது இன்ஜினியர்கள் மட்டுமல்ல, பழையவர்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சாயங்காலமே அழைப்பு வந்தது. முதலாளி பேசினார். "ஆமாங்க… இல்லீங்க… அது எப்படின்னா…" என்று இழுத்தார். கடைசியில், "எங்க மேனேஜர்கிட்டயே பேசிடுங்க" என்று தொலைபேசியை அவளிடம் நீட்டினார். அதைக் கோழைத்தனம் என்று மச்சான் பிறகு சொன்னார். தன்னை நம்பி நீட்டியதாகத்தான் அக்கா எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, என் மருமகனுக்கே இல்லையா?" ஆலைக்காரரின் குரல் உயரவில்லை, அதுவே மிரட்டலாக இருந்தது. "உங்க கம்பெனி பாதி ஓடறது என் ஆர்டர்ல."

"ஆமா சார், மறக்கல. உங்க ஆலை நாலு நாள் நின்னதே, அதையும் மறக்கல. அது ஏன் நின்னுச்சுன்னு உங்களுக்குச் சொல்லவே இல்லை. இப்ப சொல்லட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் தொடர்ந்தாள்.

"ஒரே நாள்ல சேர்ந்த ரெண்டு பேருக்கு ரெண்டு சம்பளம் குடுத்தோம் சார். உங்க மிஷினை உள்ளங்கை மாதிரி தெரிஞ்ச பொண்ணு, அது தெரிஞ்சதும் போயிடுச்சு. அதனாலதான் நின்னுச்சு. இப்ப உங்க மருமகனுக்குக் கூடக் குடுத்தா, அடுத்த வருஷம் இன்னொருத்தர் அதே மாதிரி போவாங்க. அப்ப நிக்கறது மறுபடி உங்க மிஷினாவே இருக்கலாம். தம்பி வந்தா சந்தோஷம். ஆனா மத்தவங்களுக்கு உள்ளதுதான் அவருக்கும்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மச்சான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவனை வேற எடத்துக்கு அனுப்பிக்கறேன்" என்றார் ஆலைக்காரர். பிறகு, "மிஷின் மட்டும் நிக்கக் கூடாது" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

தங்கப் பதக்கம் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டான். அவன் போனதில் முதலாளிக்கு உண்மையான வருத்தம். அக்காவுக்கும் கொஞ்சம் இருந்தது. அப்படி ஒரு மூளை தினமும் கதவைத் தட்டாது. ஆலைக்காரரிடமிருந்து இரண்டு மாதம் மூச்சில்லை. அந்த இரண்டு மாதமும் அக்கா வெளியே சிரித்துக்கொண்டு, உள்ளே ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். மூன்றாவது மாதம் அவர் இன்னோர் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தார். மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விலையில் மட்டும் மச்சானைப் பிழிந்து எடுத்துவிட்டார்.

சேர்ந்த மூன்று பேரில் அச்சுப் பிழை என்று நினைத்த பெண்ணும் ஒருத்தி. சென்சார் விட்டுப்போன வேலையை அவள்தான் எடுத்துக்கொண்டாள். முதல் சம்பளம் வந்த அன்று மூன்று பேரும் உணவு மேசையில் உட்கார்ந்து, எவ்வளவு வந்தது, பிடித்தம் எவ்வளவு என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்ததை அக்கா கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் சம்பளத்தைப் பற்றிக் கிசுகிசுப்பைத்தான் கேட்டிருக்கிறாள். அன்று அவளுக்குச் சாப்பாடு ருசியாக இறங்கியது. கீழ் ரூம் பையனுக்கும் உயர்வு கிடைத்திருந்தது. அவன் கண்ணாடி அறைக்கு வந்து நன்றி சொல்லிவிட்டு, "இனிமே வாடகையை ஒரே தடவையில குடுக்கலாங்க்கா" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் அற்புதமாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. மூவரில் ஒருவன் பத்தே மாதத்தில் மேற்படிப்புக்குப் போய்விட்டான். மச்சான் விற்பனை இன்ஜினியர் இல்லாமல் தனியாக அலைந்து நாலு கிலோ இளைத்தார். "உடம்புக்கு நல்லதுதானே" என்று அவர் அக்காளே, அதாவது முதலாளியின் மனைவியே சொல்லிவிட்டார்.

மகளுக்கும் வேலை கிடைத்தது. அந்தக் குளிர்பதன நிறுவனம் குறைந்த தொகை எழுதி அனுப்பியிருந்தது. அக்கா எந்தத் தொகையையும் சொல்லித் தரவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் சொல்லிக் கொடுத்தாள். மகள் நேரில் போய், "இதே வேலைக்கு என்கூட சேர்றவங்களுக்கு எவ்வளவு குடுக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா சார்?" என்று கேட்டாள். எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். மூன்றாம் நாள் புதுத் தொகையோடு கடிதம் வந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் மார்தட்டிக்கொண்டார். "பேரம் பேசி ஜெயிச்சுட்டா! என் ரத்தம்!"

"பேரம் எல்லாம் பேசலப்பா. தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன், அவ்ளோதான்" என்றாள் மகள்.

"உன் அம்மா ரத்தம்தான் போ" என்று அவர் சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பினார்.

அடுத்த வருஷ விளம்பரத்துக்குத் தொகையைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு காலை, இரும்புப் படியில் பல கால்களின் சத்தம் கேட்டது. பட்டறையின் தலைமை ஃபிட்டர், பின்னால் இன்னும் மூன்று பேர். கைகளில் கிரீஸ், துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார்கள்.

"அக்கா, இன்ஜினியருங்களுக்கு எல்லாம் ஒரு முறை வந்தாச்சு. நாங்க மட்டும் அவனவன் கேட்ட கணக்குல ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டிருக்கோம். இது எப்ப?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இவர்கள் எப்போது வருவார்கள் என்று அவள் சில மாதமாகவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். இது பெரிய கூட்டம், பெரிய தொகை. போன தடவையைப் போல ஓர் ஆளைக் குறைத்துச் சமாளிக்க முடியாது. இருந்தும் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"உள்ள வாங்க. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. முதல்ல நீங்க எல்லாரும் எங்க குடியிருக்கீங்க, வாடகை என்னன்னு சொல்லுங்க."

சத்தம் கேட்டு முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா கூட்டம்?"

"சம்பளம் சார். இந்தத் தடவை கீழ இருக்கறவங்களுக்கு."

அவர் ஃபிட்டர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு உள்ளே வந்து, "எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கப்பா" என்றார்.